கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே

...அதாவது மூன்று மணிக்குள், இன்னும் ஐம்பது நிமிடத்தில், ஒரே ஒரு பக்கம், நாற்பத்தேழாம் பக்கம், அதை உருவிவிட்டு அதே எழுத்தில் அதே ஓரம் விட்டு அடித்த இன்னொரு நாற்பத்தேழாம் பக்கத்தைக் கோப்பில் செருகிவிட்டால் போதும், இது ஒரு பெரிய விஷயமா என்று மேனேஜர் கேட்டுவிட்டுப் போயிருந்தார், கேட்கும்போது ஒரு கிளிப்பை நிமிர்த்தி நகக்கண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார், தோண்டியதை மேசை விளிம்பில் துடைத்தார், அதுவும் இவருடைய மேசை விளிம்பில். மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு. காகிதம் எடுத்துத் துடைக்கலாம்தான், துடைத்தால் தானே தொட்ட மாதிரி ஆகிவிடும், துடைக்காவிட்டால் அங்கேயே கிடக்கும், என்ன கண்றாவி இது, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமா இது... ஆனால் அதை யோசிக்கிற வரைக்கும் மற்றதை யோசிக்க வேண்டியதில்லை. மற்றது என்றால் அந்தக் குழந்தை. ஒன்பது நாளைக்கு முன்னால், இந்த அலுவலகம் வரைந்து எழுதிக் கட்டிக்கொடுத்த மருத்துவமனையின் முதல் மாடி நடைபாதையில், அம்மாவோடு தடுப்பூசி போட வந்த நான்கு வயதுப் பெண் குழந்தை, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து கீழே விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருக்கின்றன. மூன்று மணிக்கு வரப்போகிற விசாரணைக் குழு கேட்கப்போவது ஒரே கேள்விதான், கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி விடச் சொல்லியிருந்தீர்கள், எந்தத் தாளில் சொல்லியிருந்தீர்கள்.

எந்தத் தாளில்... இருபத்தாறு வருடமாக இவர் அடித்துக் குவித்திருக்கிற தாள் கொஞ்சமா? கட்டடத்துக்கு விவரக்குறிப்பு எழுதுகிற உத்தியோகம். வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும், விவரக்குறிப்பு எதனால், எவ்வளவில், எந்தத் தரத்தில் என்று சொல்லும், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இவரே நாற்பது தடவை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார், சிமென்ட் எது, மணல் எது, கதவுக் கீலுக்கு எத்தனை திருகாணி, கழிப்பறைத் தரைக்கு எவ்வளவு சரிவு. ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதினார், பிறகு பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றினார், பிறகு பெயரை மாற்றுவதையும் கணினியிடம் விட்டார். ‘முதல் தரமான பொருட்களைக் கொண்டு, தேர்ந்த கைத்திறனுடன், பொறியாளர் முழுத் திருப்தி அடையும் வண்ணம்’. தூ, இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை ஒட்டியிருப்பார், எந்தப் பொறியாளன் எப்போது திருப்தி அடைந்தான், தரையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து நாறும்போதும் அவன் திருப்தியாகத்தான் கையெழுத்துப் போட்டான். ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு எழுதிய விவரக்குறிப்பில் ‘பிணவறை வடிகாலுக்கு வலைமூடி பொருத்த வேண்டும்’ என்ற வரி பழைய கோப்பிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பேருந்து நிலையத்தில் பிணவறை எங்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் மட்டும் வலைமூடிக்கு விலை போட்டிருந்தார். அன்றைக்கு இவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த மாதிரி வேடிக்கைகூட இல்லை. கைப்பிடித் தடுப்பு, உட்பிரிவு ஆறு. குழாயின் கனம் உண்டு, பற்றவைப்பு எப்படி என்று உண்டு, துருவைச் சுரண்டி எத்தனை தடவை வண்ணம் பூச வேண்டும் என்று அரைப்பக்கத்துக்கு உண்டு. ‘செங்குத்துக் கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரம்: வரைபடத்தில் காண்க.’ சரி, வரைபடத்தில் பார்ப்போம். வரைபட எண் பன்னிரண்டு, அழகான கோடு, வரைந்தது இவருடைய மைத்துனன், அவன் கை எப்போதும் அழகுதான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், கோடு கோடாகக் கம்பிகள், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அம்புக்குறியின் வால் முடிகிற இடத்தில் குட்டி எழுத்தில், ‘இடைவெளி: விவரக்குறிப்பில் காண்க.’ இவர் அங்கே பார் என்கிறார், அவன் இங்கே பார் என்கிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை நுழைந்து போகிற அளவுக்கு... சீ, இந்த மாதிரி அழகாக வாக்கியம் யோசிக்கிற மூளையைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டும்.

ஏன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளக் கூடாது? இவர் மேசைக்கும் அவன் மேசைக்கும் நடுவே ஆறடி, ஒரு காய்ந்துபோன செடி, ஒரு தண்ணீர் கேன். அவன் வேறு யாரோ அல்ல, மனைவியின் கூடப்பிறந்த தம்பி, இந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். ஆனால் பேச்சு இல்லை. இரண்டு வருடம் நான்கு மாதம். என்ன பெரிய சண்டை, வெட்டா குத்தா? மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, மாப்பிள்ளைக்கு ஆபீஸில் என்ன வேலை என்று கேட்க, இவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, “மாமா எழுதறத யாரும் படிக்க மாட்டாங்க, அவரே படிக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதுகூடப் பரவாயில்லை, மனைவி சிரித்தாள், தட்டை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் பட்டதா? அன்றைக்குக் கை கழுவ எழுந்தவர்தான். பிறகு அவன் இரண்டு தடவை பேச வந்தான், இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் அவள், “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால் குடுத்துட்டு இருக்க முடியாது, அவன் சின்னப் பையனா, நீங்க சின்னப் பையனா?” என்று கத்திப் பார்த்தாள். ஆபீஸில் வேலை மட்டும் நின்றதா, அதுவும் இல்லை, தாள்கள் பேசிக்கொண்டன, அவன் வரைந்து அனுப்புவான், இவர் எழுதி அனுப்புவார், சந்தேகம் வந்தால் அங்கே காண்க, இங்கே காண்க. மானஸ்தர்கள். நினைத்தாலே உடம்பெல்லாம் கூசுகிறது, தெருவில் பம்பரத்துக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள்கூட மறுநாள் காலையில் ராசியாகிவிடும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரவேற்பறையில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கம்பிகளைப் பற்றவைத்தவர். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், இஸ்திரி மடிப்பு கலையக் கூடாது என்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு முன்னங்கையிலும் பழைய தீப்பொறித் தழும்புகள். காலையில் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, “சார், நான் ஓடி ஒளியல சார். பேப்பர்ல எவ்ளோன்னு போட்டிருந்தா அவ்ளோதான் வச்சிருப்பேன். போடலையே. ரெண்டு பேரையும் கேட்டேனே சார், உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றார். ஞாபகம் இல்லாமலா? ஒரு மதியம் போன் வந்தது, பின்னால் கிரைண்டர் சத்தம், “சார், கம்பிக்குக் கம்பி எவ்ளோ விடணும்?” என்றார். இவர் மைத்துனன் காதில் விழட்டும் என்றே உரக்க, “அது டிராயிங்ல இருக்கணும், டிராயிங் போட்டவர கேளுங்க” என்றார். ஐந்து நிமிடம் கழித்து அந்த மேசையில் போன் அடித்தது, அவன் இன்னும் உரக்க, “அதெல்லாம் ஸ்பெக் எழுதறவங்க வேலைங்க” என்றான். இருவருக்குமே அன்றைக்கு ஒரு திருப்தி. அந்த மனிதர் கடைசியில் தன் ஜாணால் அளந்து வைத்துவிட்டார், பெரிய கை, இருபது சென்டிமீட்டருக்கு மேல் வரும். “சைட்ல எல்லாருக்கும் தெரியும் சார், ரெண்டு சாரும் பேசிக்க மாட்டீங்கன்னு. இப்பவாவது ஒரு வார்த்தை பேசி எனக்கு ஒரு வழி பண்ணுங்க சார். என் பொண்ணு வயசுதான் சார் அந்தக் குழந்தைக்கு” என்று காலையில் சொன்னபோது இவர் தலையை ஆட்டிவிட்டு வேகமாக உள்ளே வந்துவிட்டார். வெல்டர் கையில் அந்த வரைபடத் தாளை வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறையில் போட்டு, கசங்காமல். அவரிடம் இருந்த ஒரே சாட்சி. அதை மேனேஜர் தோளில் கை போட்டு, உள்ளே பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். வெல்டர் நன்றி சொன்னார்... நன்றி சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேனேஜர் மறுபடி வந்தார். எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டுகிறவர் என்பதால் ஆபீஸில் அவருக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயர். பக்கத்தில் வந்தாலே ஏலக்காய் மென்ற வாயும் அதற்கு அடியில் காலையில் குடித்த காபியும் சேர்ந்து ஒரு வாடை. “என்ன, முடிஞ்சுதா?” என்றார். இவர், “இதை மாத்தினா வெல்டர் மாட்டுவார்” என்றார். “மாத்தலன்னா நீங்க மாட்டுவீங்க. உங்க மச்சானும் மாட்டுவார். ஒரே வீட்டுல ரெண்டு பேர். உங்க வீட்டம்மா நிலைமையை யோசிச்சுப் பாருங்க” என்று சொல்லி, ரொம்ப ஆறுதலாக, இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். கான்ட்ராக்டரிடம் பேசியாகிவிட்டதாம், அவருடைய பிரதியிலும் அந்தப் பக்கத்தை மாற்றிக்கொள்வாராம், எழுதிக்கொடுத்ததை மீறி வெல்டர் தன் இஷ்டத்துக்கு வைத்தான் என்று ஆகிவிடுமாம், அவனுக்கு என்ன, கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வானாம். நாக்கு கூசாமல் ஒரு மனிதன் எவ்வளவு பேச முடியும்? “எவ்வளவுன்னு போடறது?” என்று இவர் கேட்டார், ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகு தோன்றியது, கேட்டால் பாதி சம்மதம் என்றுதானே ஆகிறது. “அது உங்களுக்குத் தெரியாததா? எது சரியோ அதைப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எது சரியோ அதை. முதுகில் அந்தக் கை பட்ட இடம் இன்னும் ஈரமாக இருக்கிற மாதிரி இருந்தது, சட்டையைக் கழற்றிக் கொளுத்தலாம் போல இருந்தது.

போடட்டுமா? மாட்டேன் என்று எழுந்து போய், வருகிற குழுவிடம், ஆமாம் ஐயா, நாங்கள் எழுதவில்லை, நானும் என் மைத்துனனும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லட்டுமா? எப்படிச் சொல்வது அதை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வேலை போகும், உரிமம் போகும், வழக்கு வரும், அதெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம், ஆனால் காரணம் என்ன என்று கேட்பார்களே, சாப்பிடும்போது சிரித்துவிட்டார்கள் ஐயா என்று சொல்ல வேண்டுமே... கை தன்பாட்டுக்குக் கணினி மவுஸைப் பிடித்துக்கொண்டது. பிசுபிசுப்பாக இருந்தது, தன் கைப் பிசுக்குதான். பக்கத்தின் அமைப்பு மாறக் கூடாது, அதனால் அதற்கு முந்தைய கட்டடத்தின் கோப்பைத் திறந்தார், பள்ளிக்கூடத்துக்கு எழுதியது, இந்த மருத்துவமனையின் விவரக்குறிப்பே அதிலிருந்து படியெடுத்ததுதான். கைப்பிடித் தடுப்பு, உட்பிரிவு ஆறு. ‘செங்குத்துக் கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரம் எந்த இடத்திலும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருத்தல் கூடாது.’ இருந்தது. முழு வரியாக, முற்றுப்புள்ளியோடு இருந்தது. அதற்கு முந்தைய கோப்பைத் திறந்தார். அதிலும் இருந்தது. அதற்கும் முந்தையதில்... எல்லாவற்றிலும். அப்படியானால் விட்டுப்போகவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அன்றைக்குச் சாயங்கால வெயில் திரையில் விழுந்து கண் கூசியது, அந்த மேசையில் அவன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான், யாரும் படிக்க மாட்டார்களாமே, பார்க்கலாம், இதற்காவது எழுந்து வந்து கேட்கிறானா இல்லையா என்று இந்த விரல்தான் அந்த வரியைக் கறுப்பாக்கி ஒரே தட்டில் அழித்தது, அழித்த இடத்தில் ‘வரைபடத்தில் காண்க’ என்று அடித்தது. அடித்தபோது உள்ளே குறுகுறுவென்று ஒரு சுகம் இருந்தது, அதுகூட இப்போது நினைவுக்கு வருகிறது. ஒன்பது நாளாகக் கவனக்குறைவு, கவனக்குறைவு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பாதித் தூக்கமாவது தூங்கினார். கவனமாகத்தான் செய்திருக்கிறார்.

கடிகாரத்தில் இரண்டு நாற்பத்திரண்டு. அந்த வரி நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது, ஒட்டினது யார், இவர்தான், ஒட்டின பிறகும் ஒரு வரிகூடக் கீழே தள்ளாமல் பக்கம் கச்சிதமாக நின்றது, எடுத்த இடம்தானே, அதற்கென்று இடம் இருந்தது. அச்சடிக்கவா வேண்டாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் அடிக்கவில்லை, அடிக்காதவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, எழுந்து வெளியே போய் வெல்டரைக் கூப்பிட்டு... கூப்பிட்டு என்ன சொல்வது, உங்களை மாட்டிவிட ஒரு வரிதான் பாக்கி என்றா? அதற்குள் மூலையில் இருந்த பெரிய அச்சு இயந்திரம், வரைபடம் அடிக்கிற இயந்திரம், முனகத் தொடங்கியது. இந்த நேரத்தில் யாருக்கு என்ன வரைபடம் என்று திரும்பிப் பார்த்தார். மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது, கோடு கோடாகக் கம்பிகள், பக்கத்தில் அம்புக்குறி. ஓ... மேனேஜர் அவனிடமும் சொல்லியிருக்கிறார். இவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து தனித்தனியாக வந்து இரண்டு முதுகையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவனுக்கும் எது சரியோ அதைப் போடச் சொல்லியிருப்பார். எவ்வளவு போட்டிருப்பான்? பத்தா, பன்னிரண்டா? இரண்டு தாளிலும் இரண்டு எண் இருந்தால் மூன்று மணிக்கு எல்லாம் நாறிவிடும், நாறட்டுமே, நாறினால்தான் நல்லது, தானாக நாறிவிட்டால் யாரும் எதையும் சொல்லவே வேண்டாமே என்று ஒரு நினைப்பு ஓடியது, கோழை, அதற்கும் இன்னொருத்தன் கை தேவைப்படுகிறது உனக்கு.

அவன் தாளைச் சுருட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். முன் தலையில் முடி கொட்டியிருந்தது, எப்போது கொட்டியது, ஆறடி தூரத்தில் இருந்தும் இது கண்ணில் படவில்லையே. பிறகு தண்ணீர் கேனைத் தாண்டி, செடியைத் தாண்டி வந்தான், வந்து, இவர் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, “மாமா... கம்பி இடைவெளி நீங்க எவ்ளோ போட்டிருக்கீங்க?” என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது, பயந்திருந்தான், ஒன்பது நாளாக அவனும் தூங்கியிருக்க மாட்டான். ஆறே வார்த்தை. இதைக் கேட்கத்தானே அந்த விரல் அந்த வரியை அழித்தது. வெறுப்பு வரும் என்று இவர் எதிர்பார்த்தார், அவன் மேல், மேனேஜர் மேல், தன் மேல், காலையிலிருந்து தொண்டை வரை நின்றிருந்தது எல்லாம் இப்போது பொங்கி வரும் என்று நினைத்தார். முதலில் வந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லை, சந்தோஷம்தான், நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று, இவன்தான் முதலில் பேசினான், இவன்தான் எழுந்து வந்து கேட்டான்... “உக்காருடா” என்று இவர் வாய் சொல்லிவிட்டது, கால் பக்கத்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெல்டர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டார், காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் இளகி, பல் தெரிய, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று இவர் நினைத்தார், நினைக்கும்போதே தன் முகத்தில் ஒரு சிரிப்பு ஏற்கெனவே இருப்பது தெரிந்தது.